ஊருணிக்காகப் போராட்டமா, மனுவும் மண்வெட்டியுமா?

எங்கள் செட்டிநாட்டு ஊரில் ஊருணிக்கு நீர் வரும் கால்வாய் அடைபட்டபோது, நூதனப் போராட்டம் நடத்துவதா, மனு கொடுத்து நாமே தூர்வாருவதா என்று இளைஞர்கள் இரண்டுபட்டு நின்றார்கள்.

செலவு: போராட்டத்துக்கு ஒரு பதாகை போதும், வழக்குப் பதிவானால் நீதிமன்ற அலைச்சல் தனி. மனுவுக்குப் பணம் குறைவு, நாள் அதிகம்.

எளிமை: முன்னதற்குப் பத்துப் பேர் போதும். பின்னதற்கு நில எல்லைகளைக் காட்டும் புலப்படமும் பொறுமையும் வேண்டும்.

நிலைப்பு: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். 2017-இல் நம் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டை ஓடுகளோடு அமர்ந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் மண்டை ஓடுகள் மனத்தில் நின்ற அளவுக்குக் கடன் தள்ளுபடிக் கோரிக்கை நிற்கவில்லை என்பது என் வருத்தம். 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததும் காட்சிதான் என்றாலும், அள்ளிய உப்பே கோரிக்கையாக இருந்ததால் அது நிலைத்தது. மக்களைத் தன்பால் ஈர்க்க நினைக்கும் சமய நெறிக்கும் இதே கேள்வி உண்டு; அங்கே ஆர்ப்பாட்டத்தைவிடத் தொண்டே மதிப்பைத் தேடித் தருகிறது. குன்றக்குடி மடத்தின் தலைவராக இருந்த அடிகளார் சுற்றுப்புறக் கிராம மக்களின் பிழைப்புக்காக உழைத்ததை இங்கே இன்றும் நன்றியோடு சொல்வார்கள்.

எங்கள் மனு எட்டு மாதம் கிடப்பில் கிடந்தது. பிறகு ஆச்சிமார் காலிக் குடங்களைச் செம்புறாங்கல் படிகளில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு கோஷமும் போடாமல் உட்கார்ந்தார்கள். மறுவாரமே நில அளவையர் வந்தார், எல்லை காட்ட எங்கள் கையில் புலப்படம் தயாராக இருந்தது.

ஆகவே, காது கொடுக்காத அலுவலகத்தை அசைக்கக் காட்சி பொருந்தும். கால்வாயை ஆண்டுதோறும் காக்கவும், சமய நம்பிக்கையின்பால் மக்களை ஈர்க்கவும் அமைதியான பணியே பொருந்தும்.