ப்ராட்: குரலைக் கோடாகக் காட்டும் மென்பொருள்

சீனர்களின் மாண்டரின் மொழி வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியும் என்னால் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. ஷியேஷியே, இரண்டே அசை. முதல் அசையை உயரத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் என் காதில் அது அதட்டலாக விழுந்தது. நன்றியைப் போய் யாராவது அதட்டிச் சொல்வார்களா? அதனால் குழைத்து, இழுத்து, முடிவில் லேசாக ஏற்றிச் சொல்வேன். ஆசிரியை "இன்னொரு முறை" என்பார். நான் இன்னும் குழைவேன். பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு செயலியோ எப்படிச் சொன்னாலும் பச்சை டிக் போட்டது.

எனக்கு வழி காட்டியது ப்ராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்க்கும் உருவாக்கிய ஒலியியல் மென்பொருள். டச்சு மொழியில் அந்தப் பெயருக்குப் 'பேசு' என்று அர்த்தம். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பதிவு செய்த ஒலியைத் திறந்தால் மேலே அலை, கீழே சாம்பல் நிறப் படம், அதன் மீது ஒரு நீலக் கோடு. அந்தக் கோடுதான் குரலின் ஏற்ற இறக்கம். ஆசிரியையின் ஷியே சறுக்குமரம் போல இறங்கியது. என்னுடையது பாதி இறங்கி, வாலைத் தூக்கியது. சொல்லின் பொருளையே மாற்றும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தொனி என்பார்கள். மாண்டரினின் நான்காம் தொனியை, ஐந்து படி கொண்ட அளவில் 51 என்று எழுதுவார்கள்: உச்சியில் தொடங்கி அடிவரை. புத்தகத்தில் பலமுறை படித்ததுதான். ஆனால் ஆசிரியையின் கோட்டில் கோபம் எதுவும் தெரியவில்லை, இறக்கம் மட்டுமே தெரிந்தது. அந்த இறக்கம் அந்தச் சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது, நம் 'கல்'லுக்கும் 'கள்'ளுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அன்று மாலையே தயங்காமல் இறக்கிச் சொன்னேன்.

'மாய்' என்ற சொல்லில் இது இன்னும் முக்கியம். மூன்றாம் தொனியில் தாழ்த்தி வளைத்தால் வாங்குவது, மேலிருந்து இறக்கினால் விற்பது. தாய்லாந்து மொழியில் 'க்லாய்' என்பதைச் சமமாகச் சொன்னால் தூரம், இறக்கினால் பக்கம். பஞ்சாபியில் குதிரையையும் சாட்டையையும் பிரிப்பது தொனிதான். தமிழ்க்காரர்களுக்குப் பெரிய இடைஞ்சல் நம் கேள்வி ராகம். கேட்கும்போது கடைசியை ஏற்றியே பழகிவிட்டோம். அங்கே அந்த ஏற்றம் சொல்லையே கெடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. திறந்ததும் இரண்டு ஜன்னல்கள் வந்து நிற்கும், எதைத் தொடுவது என்றே புரியாது. சரி, தப்பு என்று அது ஒருபோதும் சொல்லாது. ஒப்பிட ஒரு நல்ல பதிவு கையில் இருக்க வேண்டும். சுருதி எல்லையை நம் குரலுக்குத் தக்கபடி வைக்காவிட்டால் கோடு மேலும் கீழும் தாவும். மூன்றாம் தொனியின் அடியில் குரல் கரகரக்கும்போது கோடு அறுந்தும் போகும். அதை என் தவறென்று நினைத்து ஒரு வாரம் தொண்டையை வருத்திக்கொண்டேன். பிறகு பார்த்தால் ஆசிரியையின் கோடும் அங்கேதான் அறுந்திருந்தது.

அப்புறம் ஒருநாள் அம்மாவின் வாய்ஸ் மெசேஜ்களை வேவ் கோப்பாக மாற்றி அதில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் 'சரி' என்ற ஒற்றைச் சொல். தொடக்கத்தில் 'ச்' வரும் இடத்தில் கோடே இருக்காது, அது குரலற்ற ஒலி. அதற்குப் பின்னால் வரும் உயிரிலும் 'ரி'யிலும்தான் எல்லாம் நடக்கிறது. சாப்பிட்டுவிட்டேன் என்றதற்கு வந்த 'சரி' சின்னதாக ஏறி இறங்கியது. பிறகு பேசுகிறேன் என்றதற்கு வந்தது நீண்டு தணிந்தது. விடுமுறைக்கு வரமுடியாது என்றதற்கு வந்த 'சரி' மட்டும் தொடங்கிய இடத்திலிருந்து அசையவே இல்லை. தாழ்வான, நேரான கோடு. அகராதியில் மூன்றுக்கும் ஒரே பொருள்தான். அந்த மெசேஜ் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது, நான் காதில் வாங்கியிருக்கவில்லை.

உடனே போன் செய்தேன். "என்னம்மா, வருத்தமா?" என்றேன். "அதெல்லாம் இல்லடி" என்றாள், அதே தாழ்ந்த குரலில்.