காவேரிப்பட்டணம் பக்கத்து ஆளில்லா மாம்பழக் கடை: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வாரம் மூணு நாள் பைக்கில் போகிறவன் நான். தவணை வசூல் வேலை. ஜாமீன், கையெழுத்து, தேதி போடாத செக் என்று எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டும் அசலுக்கே அலைகிற பிழைப்பு. அப்படிப்பட்டவன் காவேரிப்பட்டணத்துக்கு முன்னால் ஒரு மாந்தோப்போரம் ஆளே இல்லாத கடையைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போக முடியுமா?

நாலு கழி, மேலே தென்னங்கீற்று, ஒரு பெஞ்சு. பெஞ்சில் செந்தூராவும் பெங்களூராவும் கூறு கட்டி வைத்திருக்கிறார்கள். சின்னக் கூறு 50, பெரிய கூறு 100. பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கரித்துண்டில் எழுதியிருக்கிறது: ‘ஆள் இல்லை. எடுத்துக்கிட்டு காசை டப்பாவில் போடவும்.’ டப்பாவுக்குப் பூட்டு கிடையாது. பழத்துக்கு மட்டும் நைலான் வலை. அது குரங்குக்காக.

தராசு வைக்காததுதான் இந்தக் கடையின் கெட்டிக்காரத்தனம். எடை போட்டால் கால் கிலோ கூட, கொறைய என்று மனசு தடுமாறும். கூறு என்றால் எடுத்தோம், போட்டோம், சரி.

ஒருநாள் பழம் அடுக்க வந்த அக்காவிடம், “காசு குறையாதாக்கா?” என்று கேட்டேன்.

“குறையும் தம்பி. எப்பவாச்சும் ஒரு கூறு போவும். ஆள் வெச்சா ஒரு நாளைக்கு ஐநூறு ரூவா கூலி. அந்தளவுக்கு எவனும் திருடலையே.”

மிசோரத்தில் செலிங் பக்கம் நெடுஞ்சாலையோரம் இப்படிக் கடைகள் உண்டு. மூங்கில் குடிசையில் காய், பழம், காசு போட ஒரு டப்பா, சில்லறை எடுக்க இன்னொன்று. அங்கேயும் வீட்டுக்காரர்கள் மலை வயலுக்கு வேலைக்குப் போய்விடுவதால் கடையில் உட்கார ஆள் மிஞ்சுவதில்லை. நம்பிக்கை நல்ல குணம்தான், ஆனால் கூலிக் கணக்கும் அதோடு கூடவே நிற்கிறது.

பழம் எப்படி? செந்தூரா நன்றாக இருந்தது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் மேலே மஞ்சளாகி உள்ளே புளிக்கும். இது காம்புப் பக்கம் முகர்ந்தாலே மணந்தது. பெங்களூரா சுமார். அது எப்படியும் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற ரகம், உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் காயாகத் தின்னத்தான் லாயக்கு.

ஒரு ஸ்டார் குறைத்தது சில்லறைக்காக. க்யூஆர் அட்டை வெயிலில் வெளுத்துப்போய் ஸ்கேன் ஆகவில்லை. என்னிடம் 200 ரூபாய் நோட்டு ஒன்றுதான் இருந்தது. பெரிய கூறு எடுத்துக்கொண்டு டப்பாவைத் துழாவினால் மொத்தம் 80தான் தேறியது. பக்கத்தில் நூல் கட்டித் தொங்கிய நோட்டைப் புரட்டினேன். ‘பெரிய கூறு 1. 20 கொறையுது. பஸ் வந்துருச்சு’ என்று யாரோ எழுதியிருந்தார். கீழேயே வேறு மையில், ‘போட்டாச்சு.’ நானும் எழுதினேன்: ‘கடை எனக்கு 20 தரணும்.’

அடுத்த வாரம் போனபோது அதே பெரிய கூறு, அதே 100. நான் 80 போட்டேன். கேட்க ஆளில்லை. ஆனாலும் தொழில் பழக்கம் விடுமா? நோட்டில் என் வரிக்குக் கீழே ‘கழிச்சாச்சு’ என்று எழுதி, டப்பாவோடு சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன்.