மகளுக்கு வாங்கிய லீப்ஸ்டர்

மகளுக்கு நான்கரை வயது. டேப்லெட் கொடுத்தால் விரல் தானாக வீடியோவுக்குப் போய்விடுகிறது. அதனால் லீப்ஃபிராக் நிறுவனம் 2003இல் கொண்டுவந்த லீப்ஸ்டர் என்ற, குழந்தைகள் விளையாடிக்கொண்டே படிக்கும் கையடக்க விளையாட்டுக் கருவியைத் தேடிப் பிடித்து, பழையதாகவே வாங்கினேன். விளம்பரம் கிடையாது, விளையாட்டு அடங்கிய கார்ட்ரிட்ஜைச் செருகினால் அந்த விளையாட்டு மட்டும்தான். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

கயிற்றில் கோத்த பேனாவை முஷ்டியால் இறுக்கிப் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ‘எஸ்’ எழுத்தின் வளைவைத் திரையில் மூன்று முறை தவறவிட்டாள். நான்காவது முறை சரியாக வந்ததும் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

நான்கு ஏஏ பேட்டரி வேண்டும். பழையது வாங்குபவர்கள் பேட்டரி அறையைத் திறந்து, கம்பிச்சுருளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.