ஒழுகும் அலுமினியப் படகு: சுத்தியலா, பசையா, வெல்டிங்கா?

கீழே வத்தலக்குண்டில் ஒரே இரவில் கல்லாகிற பசை, கொடைக்கானலில் மார்கழி மாதம் மறுநாள் மாலையிலும் விரலில் ஒட்டும். தோட்டத்துக் குளத்தில் கெண்டை பிடிக்க வைத்திருக்கும் பழைய ரிவிட் படகு (அலுமினியத் தகடுகளை ரிவிட் என்னும் குமிழ்த்தலை ஆணிகளால் இறுக்கிச் சேர்த்தது) எங்களுக்கு இதைப் புரியவைத்தது.

முதலில், ஒழுகும் இடம். படகைத் தண்ணீரில் விட்டு உள்ளே பார்த்தால் ஏமாந்துவிடுவோம். புகுந்த நீர் குறுக்குச் சட்டத்தை ஒட்டி ஓடி வேறெங்கோ தலைகாட்டும். கரையேற்றி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வெளியே சொட்டுவதைப் பார்ப்பதே மேல். அடியில் பழைய டயர்களை நெருக்கமாக முட்டுக்கொடுக்க வேண்டும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. தகடு வளைந்தால் நல்ல ரிவிட்டும் இளகிவிடும். நான்கு விரல் உயரம் போதும்.

மூடுபனி இறங்கினால் அலுமினியம் முழுக்க வியர்க்கும். எது ஒழுகல், எது பனி? தண்ணீரில் ஒரு பொட்டலம் கேசரிப் பவுடரைக் கரைத்தோம். கால் மணி நேரத்தில் நடு பெஞ்சுக்குக் கீழே ஐந்து ரிவிட் தலைகளைச் சுற்றி ஆரஞ்சு வளையம். "அண்ணே, பொட்டு வச்ச மாதிரி இருக்கு" என்றான் தம்பி. துடைத்துவிட்டு மார்க்கரால் வட்டம் போட்டோம்.

இனி வைத்தியம். பலரும் முதலில் எடுப்பது எம்-சீல், பிசைந்து அப்புகிற எபாக்சி பசை. மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் இறுகியதும் விறைத்துவிடும். மெல்லிய தகடோ அலையில் நெளியும். ஓரத்தில் விரிசல் விட்டு, பொருக்கு மாதிரி பெயர்ந்து வரும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் எபாக்சி இறுகச் சுமார் இரண்டு மடங்கு நேரமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிகானை நினைக்கவே வேண்டாம். அது தடவிய இடத்தில் அப்புறம் எதுவும் ஒட்டாது.

வெல்டிங் கேட்கக் கம்பீரமாக இருக்கும். அலுமினியம் உருக 660 டிகிரி போதும். மேலே படிந்த ஆக்சைடுக்கு 2000-க்கு மேல் வேண்டும். அலுமினியம் இரும்பு போலச் சிவந்து எச்சரிக்காது, பொத்தென்று ஓட்டை விழும். சூட்டில் பக்கத்து ரிவிட்டுகளும் இளகும். நீளமாகக் கிழிந்த தகட்டுக்கு மட்டும், டிக் (TIG) என்னும் வாயுக் காப்பு வெல்டிங்கில் கைதேர்ந்தவரிடம் போகலாம்.

எங்கள் ஓட்டு சுத்தியலுக்கு. (ரிவிட் அடிப்பதற்கு நம்மூரில் வேறு அர்த்தமும் உண்டு, அது கிடக்கட்டும்.) வெளியே ரிவிட் தலையில் கனத்த இரும்புக் கட்டியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளே அதன் வால் முனையில் இன்னொருவர் மூன்று நான்கு தட்டு. ஓங்கி அடித்தால் தகடு விரிந்து அடுத்த ரிவிட் ஒழுக ஆரம்பிக்கும். குளிரோ சாரலோ இந்த வேலையைத் தடுக்காது. செலவும் இல்லை.

தட்டியும் அடங்காததைத் துளையிட்டு எடுத்து, ஒரு சைஸ் பெரிய ரிவிட் போட வேண்டும். உள்பக்கம் கை போகாத இடத்தில், ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்து இறுக்கும் பாப் ரிவிட்தான் வழி; ஆனால் சாதாரண பாப் ரிவிட்டின் நடுவே துளை இருக்கும், அதன் வழியாகவே தண்ணீர் வரும். முனை மூடியதைக் கேட்டு வாங்குங்கள், முழுக்க அலுமினியத்தில். இரும்போ செம்போ சேர்ந்தால் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துப்போகும்.

ஐந்தில் நான்கு தட்டியதிலேயே நின்றன. மிச்சம் ஒன்றைப் பங்குனி வெயில் ஏறட்டும் என்று விட்டுவைத்திருக்கிறோம், அப்போது பி.யூ. (பாலியூரிதேன்) சீலன்ட் தோய்த்துப் புது ரிவிட் போடலாம். அதுவரை படகில் ஒரு பெயின்ட் டப்பா கிடக்கிறது, தண்ணீர் கோர.