விண்டோஸ் 11 அப்டேட் பாதில நின்னா கூகுள்ல நம்பர் தேடாதீங்க, 4,128 ரூபா 82 பைசா போச்சு

பொங்கல் லீவுக்கு திண்டுக்கல் போயிருந்தேன், வீட்ல அப்பாவோட டெஸ்க்டாப் இன்னும் விண்டோஸ் 10லயே ஓடிட்டு இருந்துச்சு. அதுக்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதுல்ல, சரி இருக்குற நாலு நாள்ல 11க்கு மாத்தி குடுத்துட்டு போவோம்னு உக்காந்தேன். ப்ராசஸர் ஐ3 8த் ஜென் தான், 11 ஏறுமான்னு செக் பண்ற ஆப்ல எல்லாம் பச்சை டிக். டவுன்லோட் போட்டேன், 61 சதவீதத்துல நின்னுச்சு. ரீஸ்டார்ட் பண்ணி மறுபடி போட்டேன், மறுபடி அதே 61. மூணாவது தடவை ஜீரோ எக்ஸ் 80070070னு ஒரு எரர் வந்துச்சு.

அந்த நம்பரை அப்படியே கூகுள்ல போட்டேன், அங்க தான் சனி பிடிச்சது. முதல்ல வந்த லிங்க்லயே "விண்டோஸ் ஹெல்ப்லைன்"னு ஒரு 1800 நம்பர், மேல பொடி எழுத்துல ஸ்பான்சர்டுனு போட்டிருந்ததை நான் கவனிக்கல. கால் பண்ணா ஒருத்தன் நல்ல தமிழ்ல "சொல்லுங்க சார்"னு அவ்ளோ மரியாதையா பேசுறான். அவன் அங்க இருந்தே நம்ம சிஸ்டத்தை இயக்குற ரிமோட் ஆப் ஒண்ணு இறக்க சொன்னான், 9 நம்பர் கோடு கேட்டான், குடுத்தேன். உள்ள வந்ததும் இவன்ட் வியூவர்னு, விண்டோஸ் தனக்குள்ள நடக்குறதை எழுதி வைக்கிற லிஸ்ட் ஒண்ணை தொறந்து சிவப்பு சிவப்பா வரிசையா காட்டி, "சார் இவ்ளோ வைரஸ், அதான் மைக்ரோசாஃப்ட் சர்வர் உங்க சிஸ்டத்தை பிளாக் பண்ணிருக்கு, இன்னும் ரெண்டு நாள்ல மொத்தமா லாக் ஆயிடும்"னான். (ஊருக்கு திரும்பி வந்து என் ஆபிஸ் லேப்டாப்ல அதே இவன்ட் வியூவரை தொறந்து பாத்தேன், அதே சிவப்பு அதுலயும் வண்டி வண்டியா இருக்கு. எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்குமாம்.)

3,499 ரூபா, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்து 4,128 ரூபா 82 பைசானு சொன்னான். சத்தியமா சொல்றேன், அந்த 82 பைசாவை பாத்து தான் நம்புனேன், திருட்டுப் பய ரவுண்டா தானே கேப்பான்னு ஒரு நெனப்பு. யூபிஐல அனுப்புறப்ப கம்பெனி பேர் இல்லாம யாரோ ஒரு தனி ஆளு பேர் வந்துச்சு, அப்பவாச்சும் நிறுத்திருக்கணும்.

பணம் போனதும் "15 நிமிஷம் எதையும் தொடாதீங்க சார்"னான். நான் டீ குடிக்க அடுப்படிக்கு போயிட்டேன். அப்பா தான் பாத்துட்டு "டேய், மவுசு தானா போகுதுடா"னு கூப்புட்டார். ஓடி வந்து பாத்தா குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்ட் எல்லாம் இருக்குற பக்கம் தொறந்து கெடக்கு, ஸ்க்ரோல் ஆகிட்டே இருக்கு. நான் மவுசை பிடுங்கி இழுக்குறேன், அது அவன் பக்கம் இழுக்குது. அப்பா ஈபில ரிட்டயர் ஆனவர், ஒரு வார்த்த பேசல, நேரா போய் மெயின் ஸ்விட்சையே எறக்கிட்டார்.

அப்புறம் போன்லயே பேங்க் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாம் மாத்துனேன், சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிச்சு கம்ப்ளைன்ட் குடுத்தேன், பேங்க்லயும் சொல்லிட்டேன். இன்னும் பணம் வரல. நெட் கேபிளை கழட்டி வச்சுட்டு தான் சிஸ்டத்தை ஆன் பண்ணி ரிமோட் ஆப்பை தூக்குனேன், விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டியாச்சு.

இவ்ளோ கூத்துக்கு நடுவுல அந்த எரருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? டிஸ்க்ல எடம் இல்ல. அவ்ளோ தான்! 128 ஜிபி எஸ்எஸ்டி, காட்டுறது 119, அதுல மிச்சம் 6 ஜிபி. அந்த 1800 காரன் கடைசி வரைக்கும் சி டிரைவை தொறந்தே பாக்கல, நானும் தான் பாக்கல. அத்தை பொண்ணு கல்யாண வீடியோ 38 ஜிபி டெஸ்க்டாப்லயே கெடக்கு, டெஸ்க்டாப்ல போட்டா அது சி டிரைவ் கணக்குல தான் வரும். அதை டி டிரைவுக்கு தள்ளுனேன். அப்புறம் சர்வீசஸ்ல போய் விண்டோஸ் அப்டேட்டை ஸ்டாப் பண்ணிட்டு, சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள டவுன்லோட்னு இருக்குறதுல உள்ளதை எல்லாம் அழிச்சேன், பாதில நின்ன குப்பை எல்லாம் அங்க தான் கெடக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்ணி டவுன்லோட் போட்டா 61ஐ தாண்டி போயிடுச்சு, ராத்திரிக்குள்ள 11 வந்துடுச்சு. செலவு சைபர்.

மைக்ரோசாஃப்டோட எரர் மெசேஜ்ல கால் பண்ணுங்கன்னு போன் நம்பர் வரவே வராது. சப்போர்ட் முடிஞ்சா சிஸ்டம் லாக்கும் ஆகாது, செக்யூரிட்டி அப்டேட் வர்றது நிக்கும், அவ்ளோ தான்.

இன்னொண்ணு, 11 ஏறுனதுக்கு அப்புறம் சி டிரைவ் திடீர்னு மறுபடி ரொம்பி சிவப்பா தெரியலாம். பழைய விண்டோஸை விண்டோஸ் டாட் ஓல்டுனு ஒரு ஃபோல்டர்ல போட்டு வச்சிருக்கும், பிடிக்கலன்னா 10 நாளுக்குள்ள 10க்கே திரும்பிக்கலாம், அப்புறம் அதுவே போயிடும். அதை பாத்து பயந்து எவனுக்கும் போன் போட்றாதீங்க.