பாலியல் குற்றவாளிகள் பதிவேடு: அமெரிக்காவும் இங்கிலாந்தும்

அமெரிக்காவில், பாலியல் குற்றத்திற்காகத் தண்டனை பெற்றோரின் விவரங்களைக் கொண்ட இப்பதிவேட்டின் பெரும்பகுதியை இணையத்தில் எவரும் பார்க்கலாம். 2006ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், ஒருவர் பதிவேட்டில் இருக்க வேண்டிய காலத்தை, குற்றத்தின் தன்மைக்கேற்ப 15 ஆண்டுகள், 25 ஆண்டுகள் அல்லது ஆயுட்காலம் என மூன்று படிநிலைகளாக வகுத்துள்ளது. வீடோ வேலையோ மாறினால் அவர் மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் சென்று தெரிவித்தாக வேண்டும். சிறாருக்கு எதிரான குற்றத்திற்காகப் பதிவேட்டில் உள்ளவரின் பாஸ்போர்ட்டில், அவர் அத்தகைய தண்டனை பெற்றவர் என்ற வாசகமே அச்சிடப்படுகிறது. இத்தனைக்கும், அலாஸ்கா மாநில வழக்கொன்றில் 2003இல் உச்ச நீதிமன்றம், பதிவேடு தண்டனையன்று, உரிமையியல் ஒழுங்குமுறையே என்று தீர்ப்பளித்தது. பதிவேட்டில் பெயரோடு வாடகை வீடு தேடி அலைபவருக்கு இந்த நுட்பமான வேறுபாடு விளங்குமா என்பது ஐயமே.

இங்கிலாந்தில் பதிவேடு காவல்துறையின் வசமே இருக்கிறது. முகவரி மாற்றத்தை அங்கும் மூன்று நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஐந்தாண்டு வரை சிறை. முப்பது மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் பதிவேட்டில் இருப்பதற்குக் காலவரம்பே இல்லை. ஆயினும், மறுஆய்வுக்கு வழியில்லாதது மனித உரிமைக்கு முரணானது என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, வயது வந்தோர் 15 ஆண்டுகள் கழித்து மறுஆய்வுக்கு விண்ணப்பிக்க வழி பிறந்தது. என் பார்வையில் இரண்டையும் பிரிக்கும் முதன்மையான கோடு இதுவே.