பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு: தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் பற்றிய ஒரு மதிப்பீடு

பொறியியல் முடித்த பிள்ளைக்கு வேலை அமையவில்லை, அடுத்து எந்தப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவது என்று கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறைப் பகுதிப் பெற்றோர் என்னிடம் கேட்கும்போதெல்லாம், எங்கும் பணம் கட்ட வேண்டாம், முதலில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேசிய தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சித் திட்டத்தில் பதிவு செய்யுங்கள் என்றுதான் சொல்லி வருகிறேன். எல்லையின் இந்தப் பக்கம் குடியிருந்து, அந்தப் பக்கம் கோவையில் இயந்திரவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில், என்னிடம் படித்த மாணவர்கள் பலர் இந்தத் திட்டத்தின் வழியாகத் தொழிற்சாலைகளுக்குள் போய் ஓராண்டு கழித்து வெளியே வந்ததைக் கூர்ந்து பார்த்திருக்கிறேன். இயந்திரவியல், மின்னியல், கட்டடவியல் பட்டதாரிகளுக்கு அரசு தரும் சேவைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறொன்று இல்லை என்பது என் கருத்து. அதே வேளையில், பல்கலைக்கழகம் நான்காண்டுகளில் செய்திருக்க வேண்டிய ஒரு வேலையைப் பட்டத்துக்குப் பிறகு தனியாக ஓராண்டு செலவழித்துச் செய்கிறோம் என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

திட்டத்தின் அடிப்படை 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். முதலில் தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) படித்தவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்தச் சட்டம், 1973இல் திருத்தப்பட்டுப் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் உள்ளே கொண்டுவந்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பயிற்சிக் காலம் ஓராண்டு. பதிவுக்கு மாணவர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. மாறாக, மாதந்தோறும் அவருக்கு உதவித்தொகை கிடைக்கிறது. 2019இல் திருத்தப்பட்ட விதிகள் பட்டதாரிக்குக் குறைந்தது 9000 ரூபாய், டிப்ளமோ படித்தவருக்கு 8000 ரூபாய் என்று வரையறுத்தன. அந்தக் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. திட்டத்தின் இணையதளத்தில் மாணவரும் நிறுவனமும் பதிவு செய்து, ஒப்பந்தம் போட்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பயிற்சிப் பதிவேடு எழுதி, ஆண்டு முடிவில் மண்டலப் பயிற்சி வாரியத்தின் சான்றிதழ் வாங்குவது வரை நடைமுறை ஒழுங்காகவே வகுக்கப்பட்டிருக்கிறது. பயிற்சியின்போது காயம் ஏற்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு என்பதையும், பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில் நான் குறிப்பாகச் சொல்வது வழக்கம்.

எல்லையோரத்து மக்களுக்கு இந்தத் திட்டத்தில் இன்னொரு நன்மை இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கானது. கேரள அரசின் அசாப் திறன் பயிற்சி கேரளத்தைச் சார்ந்தது. பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, பாலக்காட்டில் பொறியியல் படித்து, கோவையில் வேலை தேடும் ஒரு பிள்ளை இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவில் நிற்கிறது. தொழிற்பழகுநர் திட்டத்துக்கு அந்த எல்லைக்கோடு இல்லை. சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியமே தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்த்துக் கவனிப்பதால், எங்கள் பக்கத்து வடகரப்பதியில் இருக்கும் ஒருவர் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கும் விண்ணப்பிக்கலாம், கோவைப் பம்புசெட்டுத் தொழிற்சாலைக்கும் விண்ணப்பிக்கலாம். எங்கே பயிற்சி முடித்தாலும் சான்றிதழ் ஒன்றுதான். தொலைத்தொடர்புக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. லிமிடெட், கனரக வாகனங்கள் செய்யும் பெமல், நீர்மப் பாய்வு அளவிகளைச் சோதித்துத் தரும் எஃப்.சி.ஆர்.ஐ. போன்ற மத்திய அரசு சார்ந்த நிறுவனங்கள் பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில் கஞ்சிக்கோட்டில் இருப்பதும், விடுதி வாடகை கொடுக்க வழியில்லாத குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

சரி, அந்த ஓராண்டில் ஒரு மாணவர் உண்மையில் எதைக் கற்கிறார்? கல்லூரிப் பட்டறையில் ஒரு கடைசல் இயந்திரத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்க, ஒருவர் கைப்பிடியைத் திருப்ப, மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் முந்தைய ஆண்டு மாணவரின் வரைபடத்தைப் பார்த்து எழுதுவார்கள். மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு, அதாவது அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர், தொழிற்சாலையின் தரச்சோதனைப் பிரிவில் பம்பின் தண்டு ஒன்றைக் கையில் எடுத்து, அது வரைபடம் அனுமதிக்கும் அளவுக்குள் இருக்கிறதா என்று சொல்ல வேண்டி வரும்போது முதல் வாரம் திணறத்தான் செய்கிறார். ஒரே தண்டை அவர் மூன்று முறை அளந்தால் மூன்று அளவுகள் வருகின்றன. கருவியை இறுக்கும் விசை, தண்டில் இருக்கும் சூடு, ஒட்டியிருக்கும் எண்ணெய் ஆகியவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிகிறது.

அதற்கு அடுத்த படி இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு தண்டும் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தாலும், காலையிலிருந்து அளவுகள் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தால் இயந்திரத்தின் வெட்டுமுனை தேய்கிறது என்று பொருள். ரிஜெக்‌ஷன் வருவதற்கு முன்பே அதை மாற்றச் சொல்ல வேண்டும். இதைப் புள்ளியியல் வழித் தரக்கட்டுப்பாடு என்ற பெயரில் நான் வகுப்பில் வரைபடம் போட்டு நடத்தியிருக்கிறேன். ஆயினும் என் மாணவர்களுக்கு அது உறைத்தது இயந்திரத்தின் அருகில், இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர் தமிழில் விளக்கிச் சொன்னபோதுதான். பள்ளியில் தமிழ்வழி படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தின் முன் நான்காண்டுகள் வாய் திறக்காமல் இருந்த பிள்ளைகள், கோவைத் தொழிற்சாலையிலும், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் கஞ்சிக்கோட்டிலும், ஏன் இப்படி, எதனால் இப்படி என்று கேள்வி கேட்கத் தொடங்குவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். நேர்முகத் தேர்வில் அவர்களுடைய பேச்சே மாறிவிடுகிறது. இறுதியாண்டில் என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்குத் தலைகுனிந்தவர், ஒரு கோளாறு எப்படி வந்தது, அதைக் கண்டுபிடிக்க எந்த அளவைப் பார்த்தோம், எதை மாற்றினோம் என்று வரிசையாகச் சொல்கிறார். வேலை கொடுப்பவர் கேட்க விரும்புவதும் அதைத்தான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உதவித்தொகை போதாது. வீட்டிலிருந்து போய்வருபவர் சமாளித்துவிடுவார். கோவையில் அறை எடுத்துத் தங்கிச் சாப்பிட வேண்டியவருக்கு 2019 விதிகள் சொன்ன 9000 ரூபாய் மாதக் கடைசி வரை வராது. 2025 மே மாதத்தில் மத்தியத் தொழிற்பழகுநர் குழு உதவித்தொகையை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது இந்தக் குறையை அரசே உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. அடுத்து, பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்லர். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. இவ்விரண்டையும் சாதகமாக்கிக்கொண்டு, பொறியியல் பட்டதாரியைப் பெட்டி கட்டும் இடத்திலும் கணினியில் எண்களைப் பதியும் இடத்திலும் ஆண்டு முழுவதும் உட்கார வைத்த நிறுவனங்களும் உண்டு. என் மாணவர் ஒருவர் அப்படியோர் இடத்தில் பன்னிரண்டு மாதங்களை இழந்தார். அவருடைய பயிற்சிப் பதிவேட்டில் அவர் கண்ணால் பார்க்காத பிரிவுகளின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பதிவேடு கேட்கும் வாரியம், அதில் எழுதியிருப்பது நடந்ததா என்று பழகுநரையே தனியாக அழைத்துக் கேட்கும் ஏற்பாட்டைச் செய்தால் இதில் பாதி நின்றுவிடும். கணினித்துறை மாணவர்களுக்கு இத்திட்டத்தை நான் அவ்வளவு உறுதியாகப் பரிந்துரைப்பதில்லை; அவர்கள் தேடும் இடங்கள் எங்கள் பகுதியில் குறைவு.

இனி பல்கலைக்கழகத்தின் பங்கு. எட்டாம் பருவம் முழுவதும் பெயரளவுக்கு ப்ராஜெக்ட்டுக்கு ஒதுக்கப்படுகிறது; பணம் கொடுத்தால் மாதிரியும் அறிக்கையும் சேர்த்துத் தயார் செய்து கொடுக்கும் கடைகள் நகரங்களில் வெளிப்படையாகவே நடக்கின்றன. அந்த அரையாண்டைத் தொழிற்பழகுநர் பயிற்சியின் முதல் பாதியாக ஏற்றுக்கொண்டால் மாணவருக்கு ஆறு மாதம் மிச்சம், குடும்பத்துக்கு ஒரு கல்விக்கட்டணத்தின் சுமை குறையும். இது நடவாத காரியம் அன்று. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, தொழிற்கூடம் இருக்கும் அதே வளாகத்தில் 1951இல் தொடங்கப்பட்டது. படிப்பையும் தொழிற்சாலை வேலையையும் மாற்றி மாற்றித் தரும் ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பை நெடுங்காலமாக நடத்தி வருகிறது. 2018இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டமும் தொழிலகப் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. ஆனால் பெரும்பாலான கல்லூரிகளில் அது விடுமுறையில் இரண்டு வாரம் போய் வாங்கிவரும் ஒரு சான்றிதழாகச் சுருங்கிவிட்டது. பயிற்சிக்குப் போகும் மாணவரோடு ஆசிரியரும் மாதம் ஒரு நாளாவது அந்தத் தொழிற்சாலைக்குப் போய்வர வேண்டும், அந்தப் பதிவேட்டை அவரே படித்து மதிப்பெண் போட வேண்டும், அங்கே பார்த்ததை வைத்து அடுத்த ஆண்டின் ஆய்வகப் பயிற்சிகளை மாற்ற வேண்டும் என்று நான் என் துறையில் கேட்டு வருகிறேன். தொழிற்சாலைக்குள் பல ஆண்டுகளாகக் காலெடுத்து வைக்காத ஆசிரியர் கற்பிக்கும் உற்பத்தித் தொழில்நுட்பம் மாணவரின் கைக்குப் போய்ச் சேராது.

பதிவு செய்ய நினைப்பவர்கள் தேர்வு முடிவு வந்தவுடன் செய்துவிடுங்கள். நிறுவனங்களின் அறிவிக்கைகள் அண்மை ஆண்டுகளில் தேர்ச்சி பெற்றவர்களையே அழைக்கின்றன. வேறெங்காவது ஓராண்டு வேலை பார்த்துவிட்டால் தகுதியே போய்விடும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் வைப்பீர்கள், எனக்குச் சொல்லித்தரப் போகிறவர் யார், சென்ற ஆண்டு பழகுநர்களில் எத்தனை பேரை வேலைக்கு எடுத்தீர்கள் என்ற மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் தயாராக இல்லாத இடத்தை விட்டுவிட்டு, இணையதளத்தின் பட்டியலில் இருக்கும் அடுத்த நிறுவனத்துக்கு அன்றைக்கே விண்ணப்பம் அனுப்புங்கள்.